வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பேச: செலவும் குறையட்டும், தொடர்பும் அறாமல் இருக்கட்டும்

(உம்ரா, ஹஜ் பயணம் செல்வோருக்கும், வேலைக்காக வெளிநாடு செல்வோருக்கும், அவர்களுடைய குடும்பத்தாருக்கும் செங்கத்தில் நமது அறக்கட்டளை நடத்திய வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை. வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)





வெளிநாடு போனவர் வீட்டுக்குக் குறைந்த செலவில் எப்படிப் போன் பேசுவது என்பதுதான் இன்றைய பொருள். ‘அதான் வாட்ஸ்அப் இருக்கிறதே, இதற்கு ஒரு கூட்டமா?’ என்று இளைஞர்கள் நினைக்கலாம். ஆனால் நம்மிடம் வருகிற குடும்பங்கள் சொல்லும் சங்கடங்களைக் கேட்டால் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. துபாயில் இறங்கிய பையனுக்கு வாட்ஸ்அப்பில் கால் போகவில்லை. ஜித்தாவில் இறங்கிய தாயாருக்குப் போனில் எதை அழுத்துவது என்று தெரியவில்லை. பேக் போடாமல் ரோமிங்கில் பேசியவருக்கு இருந்த பேலன்ஸ் எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பியவருடைய பழைய நம்பர் வேறு யாரிடமோ போய்விட்டது; வங்கிக் கணக்கு அந்த நம்பரில்தான் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். போன் செலவு கூடுவதும் குறைவதும் அங்கே போய் இறங்கிய பிறகு முடிவாவதில்லை. புறப்படும் முன், இங்கே நம் வீட்டில், போகிறவரும் இருப்பவரும் சேர்ந்து உட்கார்ந்து செய்கிற அரை மணி நேர ஏற்பாட்டில்தான் அது முடிவாகிறது. அந்த அரை மணி நேரத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முன்பு எப்படி இருந்தது?

இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு இது நினைவிருக்கும். வளைகுடா நாட்டுக்குப் போனவர்களிடமிருந்து கடிதம் வர வாரக்கணக்கில் ஆகும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்காகக் கேசட்டில் குரலைப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பிறகு மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துகள் வந்தன. மீட்டரில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டே, சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லாமல் வைத்துவிட்டு வருவோம். மொபைல் வந்த புதிதில் மிஸ்டு காலே ஒரு மொழியாக இருந்தது. ஒரு முறை அடித்தால் நலம், இரண்டு முறை அடித்தால் திரும்பக் கூப்பிடு என்று பொருள்.

தொடர்பு அறுந்தால் வீடு என்ன பாடுபடும் என்பதை 1990-ல் நம் சமுதாயம் பார்த்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 2-ம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அங்கிருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தன. ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானங்களில் மீட்டு வரப்பட்ட பிறகுதான் பல வீடுகளில் நிம்மதி திரும்பியது.

வெளிநாட்டு அழைப்பு இந்தியாவில் மலிவானதற்கு 2002 முக்கியமான ஆண்டு. அதுவரை வெளிநாட்டு அழைப்புகள் வி.எஸ்.என்.எல். என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. 2002 ஏப்ரல் 1 முதல் மற்ற நிறுவனங்களும் உள்ளே வந்தன. இணையம் வழியாகப் பேசுவதற்கும் அதே நாளில் அனுமதி கிடைத்தது. 2003-ல் ஸ்கைப் வந்தது. வாட்ஸ்அப்பில் 2015-ல் குரல் அழைப்பும், 2016-ல் வீடியோ அழைப்பும் வந்தன. அந்த ஸ்கைப்பையே 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். எந்தச் செயலியும் என்றென்றைக்கும் இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது என்பதற்கு இது ஓர் உதாரணம். ஒன்று போனால் இன்னொன்று கையில் இருக்க வேண்டும்.

வழிகள் நான்கு

முதல் வழி, இணையச் செயலி. வாட்ஸ்அப் போன்ற செயலியில் பேசினால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் இல்லை. செலவாவது டேட்டா மட்டும்தான். குரல் அழைப்புக்கு டேட்டா மிகக் குறைவாகவே போகும். வீடியோ அழைப்புக்கு அதைப்போலப் பல மடங்கு போகும். ஆகவே அன்றாடம் பேசுவதைக் குரல் அழைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் வாரத்துக்கு ஒரு நாள், வைஃபை இருக்கும் இடத்திலிருந்து வீடியோவில் பேசுங்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘சேமிப்பகமும் தரவும்’ என்ற பகுதியில், அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா பயன்படுத்து என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை இரண்டு பக்கத்துப் போனிலும் போட்டு வையுங்கள்.

இந்தச் செயலிகளில் இன்னொரு வசதி இருக்கிறது. பலரும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மைக் படத்தை அழுத்திக் குரலைப் பதிவு செய்து அனுப்புவதைச் சொல்கிறோம். அன்றைய கேசட்தான் இது. கொண்டுவர ஆள் தேவையில்லை, அவ்வளவுதான். இரவு ஷிப்டில் வேலை பார்க்கும் மகன், அம்மா தூங்கும் நேரத்தில் பேசி அனுப்பலாம். அவர் காலையில் எழுந்து கேட்கலாம். எழுதத் தெரியாதவரும் பதில் அனுப்பலாம். இணையம் மெதுவாக இருந்தாலும் போய்ச் சேர்ந்துவிடும். செலவு மிக மிகக் குறைவு.

இரண்டாவது வழி, அந்த நாட்டு சிம். ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே லாபம். சவூதியில் எஸ்.டி.சி., மொபைலி, ஜைன் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே சிம் வாங்க 2016 முதல் கைரேகை பதிவு கட்டாயம். ஆகவே விமான நிலையத்திலோ ஊருக்குள்ளோ இருக்கும் அந்த நிறுவனத்தின் கடைக்கே பாஸ்போர்ட்டுடன் போய் வாங்குங்கள். தெருவில் கையில் வைத்து விற்கும் சிம்மை வாங்காதீர்கள். அது வேறு யார் பெயரிலோ பதிவாகியிருக்கும். நாளை பிரச்சினை என்றால் உங்களிடம்தான் வரும். சிம் வாங்கும்போது ‘இந்தியாவுக்குப் பேச எத்தனை நிமிடம், டேட்டா எவ்வளவு, எத்தனை நாள்’ என்ற மூன்றையும் கேளுங்கள். செயலியிலேயே பேசப்போகிறவருக்கு நிமிடம் அதிகமுள்ள பேக் தேவையில்லை. டேட்டா இருந்தால் போதும்.

நான்கு பேர் கொண்ட குடும்பமாக உம்ரா போகிறவர்கள் ஒரே சிம் வாங்கி, ஹாட்ஸ்பாட் வழியாக மற்ற மூவருக்கும் இணையம் கொடுப்பது உண்டு. அறையில் இருக்கும் வரை அது சரி. ஆனால் ஹரமில் கூட்டத்தில் பிரிந்துவிட்டால், சிம் இல்லாத மூவருக்கும் இணையமும் இல்லை, போனும் இல்லை. அதனால் வயதானவர் கையிலிருக்கும் போனில் தனி சிம் இருந்தே ஆக வேண்டும். இந்த இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

புதிய போன்கள் சிலவற்றில் இசிம் வசதி இருக்கிறது. அட்டை போடாமல், இணையம் வழியாகவே போனுக்குள் இறக்கிக்கொள்ளும் சிம் அது. உங்கள் போனில் அது உண்டா என்று வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் இங்கிருந்தே டேட்டா வாங்கிக்கொண்டு போகலாம்.

மூன்றாவது வழி, ரோமிங் பேக். நமது ஏர்டெல், ஜியோ, வி.ஐ. சிம்மிலேயே வெளிநாட்டுக்கான பேக் போட்டுக்கொண்டு போவது. நிமிடக் கணக்கில் இது உள்ளூர் சிம்மை விடக் கூடுதல்தான். ஆனால் நம்பர் மாறாது. இறங்கிய உடனே பேசலாம். வயதானவர்களுக்கும், சில நாட்களே தங்குகிறவர்களுக்கும் இது ஏற்றது. மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். நீங்கள் போகும் நாடு அந்த பேக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். வழியில் வேறு நாட்டில் விமானம் மாறுகிறவர்கள் அந்த நாடும் இருக்கிறதா என்று பாருங்கள். வருகிற அழைப்பும் பேக்கின் நிமிடத்திலேயே கழிகிறதா என்று கேளுங்கள். ஊரிலிருந்து உறவினர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ‘போய்ச் சேர்ந்தாச்சா?’ என்று கேட்டால் அதிலேயே பேக் தீர்ந்துவிடும். விமானம் ஏறியதும் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். சில விமானங்களில் வானத்திலேயே நெட்வொர்க் கிடைக்கும். அதற்குக் கட்டணம் தனி, அதுவும் அதிகம்.

நான்காவது, இங்கிருந்து அங்கே கூப்பிடுவது. ‘அன்லிமிடெட்’ என்று நாம் போடும் ரீசார்ஜ் இந்தியாவுக்குள் பேசுவதற்குத்தான். சவூதி நம்பருக்கோ துபாய் நம்பருக்கோ நேரடியாகக் கூப்பிட்டால் ஐ.எஸ்.டி. கட்டணம் தனியாகக் கழியும். அடிக்கடி அப்படிப் பேச வேண்டியிருந்தால் ஐ.எஸ்.டி. பேக் போடுங்கள். இல்லையென்றால் செயலியில் பேசுங்கள்.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு

இதைப் பெற்றோர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நம் ஊரில் வேலை செய்யும் செயலி எல்லா நாட்டிலும் வேலை செய்யாது.

சவூதி அரேபியா 2017 செப்டம்பரில் இணைய அழைப்புகள் மீதிருந்த தடையைத் தளர்த்தியது. குவைத், பஹ்ரைன், சிங்கப்பூர், மலேசியா நாடுகளில் பொதுவாகச் சிரமம் இருப்பதில்லை. கத்தாரிலும் ஓமனிலும் எது வேலை செய்யும் என்பது செயலிக்குச் செயலி மாறும். ஐக்கிய அரபு அமீரகத்தில், அதாவது துபாய், ஷார்ஜா, அபுதாபியில், வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தியும் குரல் பதிவும் போகும். அழைப்பு மட்டும் பல ஆண்டுகளாகவே முடக்கப்பட்டிருந்தது. அரசு அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளில்தான் அங்கே பேசி வருகிறார்கள். இந்த விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. ஆகவே புறப்படும் வாரத்தில், அந்த நாட்டில் இப்போது இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது.

‘விபிஎன் போட்டுக்கோ, எல்லாமே வேலை செய்யும்’ என்று அறைத்தோழர்கள் சொல்வார்கள். விபிஎன் என்பது நாம் எங்கிருந்து இணையத்தைப் பயன்படுத்துகிறோம் என்பதை மறைக்கும் செயலி. அமீரகத்தின் 2021-ம் ஆண்டு இணையக் குற்றச் சட்டப்படி, ஒரு குற்றத்தைச் செய்வதற்காகவோ அது தெரியாமல் இருப்பதற்காகவோ இணைய முகவரியை மாற்றிக்காட்டினால் சிறையும், 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் உண்டு. 5 லட்சம் திர்ஹம் நம் பணத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல். அலுவலக வேலைக்காக நிறுவனங்கள் விபிஎன் வைத்திருப்பது வேறு. தடை செய்யப்பட்ட அழைப்பைப் பேசுவதற்காகத் தொழிலாளி போடுவது வேறு. எல்லோரும் செய்கிறார்களே என்பது மாட்டிக்கொண்டவரைக் காப்பாற்றாது. குடும்பக் கடனை அடைக்கப் போன பிள்ளை, போன் செலவை மிச்சம் பிடிக்கப் போய் வழக்கில் சிக்க வேண்டாம். நம் பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்.

ஆகவே இரண்டு செயலிகளை இங்கேயே போட்டுவிடுங்கள். ஒன்று வாட்ஸ்அப், மற்றொன்று அந்த நாட்டில் அனுமதி உள்ளது. போகிறவர் போனில் மட்டும் போட்டால் போதாது. வீட்டிலிருப்பவர் போனிலும் போட வேண்டும். ஒரு முறை பேசிப் பார்த்துவிடுங்கள். செயலியைத் தொடங்கும்போது வரும் ரகசிய எண் நம் இந்திய நம்பருக்குத்தான் வரும். அங்கே போய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டால், அந்த எண் வராமல் திண்டாட நேரிடும்.

ஊர் சிம்மை இறக்க விடாதீர்கள்

வெளிநாட்டு சிம் வாங்கியதும் நம் ஊர் சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைப்பது வழக்கமாக இருக்கிறது. அது தொலைந்தும் போகும், செயலிழந்தும் போகும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு இணைப்பை நிறுவனம் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாட்கள் நீட்டிக்க வேண்டும். அதன் பிறகு நம்பர் போய்விடும். பின்னாளில் வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படும். அந்த நம்பரில் நம் வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் இணைப்பு எல்லாம் இருக்கும். இரண்டு வருட வேலைக்குப் போகிறவர் குறைந்த கட்டண ரீசார்ஜை வீட்டிலிருந்து விடாமல் போட்டு வரச் சொல்ல வேண்டும். ஒரு வருட பேக் கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்கான தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இரண்டு சிம் போடும் போனாக இருந்தால் ஒன்றில் ஊர் சிம், மற்றதில் அந்த நாட்டு சிம். ஊர் சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். வங்கிச் செய்திகளுக்காக சிம் இயங்கட்டும். சர்வதேச ரோமிங்கை இங்கேயே கேட்டு இயக்கிக்கொண்டு போக வேண்டும். வாட்ஸ்அப்பைப் பழைய நம்பரிலேயே வைத்துக்கொண்டு, இணையத்தை மட்டும் அந்த நாட்டு சிம்மிலிருந்து எடுக்கலாம். ‘நம்பரை மாற்றவா?’ என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2025 நவம்பரில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப் போன்ற செயலிகள் பதிவு செய்த சிம் அந்தப் போனில் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஊர் சிம்மைக் கழற்றக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டிலிருப்பவர்கள் செய்ய வேண்டியது

போகிறவருக்கு ஆயிரம் ஏற்பாடு செய்கிறோம். வீட்டிலிருப்பவரை மறந்துவிடுகிறோம். பல வீடுகளில் தாயாரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. மனைவிக்குத் தனிப் போன் இல்லை. மச்சான் போனிலோ மாமனார் போனிலோதான் பேச வேண்டும். பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது அவரால் என்ன பேச முடியும்? பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றோ, அனுப்பிய பணம் போதவில்லை என்றோ மனம் விட்டுச் சொல்ல முடியுமா? வெளிநாடு போகிறவர் முதல் சம்பளத்தில் என்னென்னவோ வாங்கி அனுப்ப நினைப்பார். போவதற்கு முன்பே மனைவிக்கு ஒரு சாதாரண ஸ்மார்ட் போனும் அவர் பெயரில் ஒரு சிம்மும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறோம். இரு பக்கமும் மனம் நிம்மதியாக இருக்க இது உதவும்.

தாயாருக்கும் கற்றுக்கொடுங்கள். ஒரே நாளில் வராது. பச்சைப் பொத்தானை எப்படி இழுப்பது, குரல் பதிவை எப்படிக் கேட்பது, எப்படி அனுப்புவது என்று ஒரு வாரம் தினமும் வீட்டுக்குள்ளேயே பழக்குங்கள். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள்.

பேசும் நேரத்தை முன்பே முடிவு செய்யுங்கள். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் நாடுகளை விட நம் நேரம் இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. அமீரகத்தையும் ஓமனையும் விட ஒன்றரை மணி முன்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மை விட இரண்டரை மணி முன்னால். ரியாத்தில் இரவு ஒன்பது மணிக்கு வேலை முடித்துக் கூப்பிட்டால் செங்கத்தில் பதினொன்றரை. பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை இன்ன நேரம் என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகளும் காத்திருப்பார்கள். ஜவ்வாது மலை மேல் இருக்கும் ஊர்களில் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அங்கே உறவினர் உள்ளவர்கள், நேரம் தெரிந்திருந்தால் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து நிற்கலாம்.

எல்லா நம்பரையும் நாட்டுக் குறியீட்டோடு பதிந்து வையுங்கள். இந்தியா +91, சவூதி +966, அமீரகம் +971, குவைத் +965, கத்தார் +974, ஓமன் +968, பஹ்ரைன் +973, சிங்கப்பூர் +65, மலேசியா +60. சவூதி, அமீரக மொபைல் எண்கள் 05 என்று தொடங்கும். இங்கிருந்து கூப்பிடும்போது அந்தப் பூஜ்யத்தை விட்டுவிட வேண்டும். பூஜ்யப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் + குறி வரும்.

ஆபத்து நேரம்

சகோதர சகோதரிகளே, மலிவாகப் பேசுவதைப் பற்றி இவ்வளவு நேரம் சொன்னோம். ஒரு நாள் வரும். அன்று காசு முக்கியமில்லை, ஆள் கிடைத்தால் போதும் என்றிருக்கும்.

2024 ஜூன் 12-ம் தேதி விடியற்காலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றியது. இறந்தவர்களில் குறைந்தது 45 பேர் இந்தியர்கள். அவர்களில் 7 பேர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அதே மாதத்தில் ஹஜ்ஜின்போது கடும் வெயில். 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. கூட்டத்தில் பிரிந்துபோனவர் மருத்துவமனையில் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று தெரியாமல் பல நாட்டுக் குடும்பங்கள் நாட்கணக்கில் தேடின.

இப்படிப்பட்ட நேரத்தில் போன் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. அப்போது வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. அவர் எந்தக் கட்டடத்தில், எந்தத் தெருவில் தங்கியிருக்கிறார்? கம்பெனியின் முழுப் பெயர் என்ன? கூட இருக்கும் இரண்டு பேருடைய நம்பர் என்ன? ஹஜ், உம்ரா பயணி என்றால் குழுத் தலைவர் நம்பர் என்ன, தங்கும் விடுதியின் பெயர் என்ன? இவற்றோடு பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகலும் வீட்டில் இருக்க வேண்டும். அறை மாறினால் அன்றே புது முகவரியை அனுப்பச் சொல்லுங்கள்.

தினமும் ஒரு செய்தி என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நீளமாக வேண்டாம், ‘நலம்’ என்ற ஒரு வார்த்தை போதும். மினாவிலும் அரஃபாவிலும் கூட்டத்தால் நெட்வொர்க் திணறும். அழைப்பு போகாத நேரத்திலும் எழுத்துச் செய்தி போய்விடுவது உண்டு. ஒரு நாள் முழுக்கச் செய்தி வரவில்லை என்றால் முதலில் உடன் இருப்பவரைக் கூப்பிடுங்கள், அடுத்து குழுத் தலைவரையோ கம்பெனியையோ கூப்பிடுங்கள், அதன் பிறகு அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தைக் கூப்பிடுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகாரைப் பதியலாம். சென்னையில் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகம் இருக்கிறது, அங்கும் தெரிவிக்கலாம். தூதரக எண்ணை இன்றே தேடி எழுதி வையுங்கள். பதற்றத்தில் தேடினால் கிடைக்காது.

போகிறவர் பையில் ஒரு தாள் இருக்கட்டும். அதில் வீட்டு நம்பர் இரண்டு, குழுத் தலைவர் நம்பர், விடுதிப் பெயர், தூதரக எண், உடல்நோய் விவரம், ரத்த வகை ஆகியவை இருக்க வேண்டும். சார்ஜ் தீர்ந்த போனில் இருக்கும் நம்பர் யாருக்கும் உதவாது. மக்காவில் அவசர உதவிக்கு 911. அமீரகத்தில் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998. ஹஜ் கமிட்டி மூலம் போகிறவர்களுக்கு 2024-ல் தொடங்கப்பட்ட ‘ஹஜ் சுவிதா’ செயலி இருக்கிறது. பயண விவரங்களும் அவசர உதவியும் அதில் கிடைக்கும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் போனை வாங்கி வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. அவர்கள் வீட்டு நம்பரையாவது மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

போனில் வரும் ஏமாற்று

வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடு என்று தெரிந்தாலே ஏமாற்றுகிறவர்கள் தேடி வருகிறார்கள். ‘உங்கள் மகன் இங்கே போலீஸில் மாட்டியிருக்கிறான், உடனே பணம் அனுப்புங்கள்’ என்பார்கள். அழுகிற குரலைக்கூடக் கேட்க வைப்பார்கள். இப்போது ஒருவர் குரலைப் போலவே கணினியில் செய்துவிட முடிகிறது. உடனே போனை வையுங்கள். மகனுடைய நம்பருக்கும், கூட இருப்பவர் நம்பருக்கும் நீங்களே கூப்பிடுங்கள். குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்பே பேசி வைத்துக்கொண்டால், அதைக் கேட்டே உண்மையா என்று தெரிந்துகொள்ளலாம்.

தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து ஒரு முறை அடித்து நின்றால் திரும்பக் கூப்பிடாதீர்கள். அந்த அழைப்புக்கே பெருந்தொகை கழியும்படி வைத்திருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து பேசுகிறவருக்கு இந்திய நம்பர் காட்டினால் 1963-க்குத் தெரிவிக்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஆறு இலக்க எண்ணை மகன் கேட்டாலும் சொல்லாதீர்கள். கேட்பது மகனாக இருக்காது. இரண்டு படிச் சரிபார்ப்பை எல்லோரும் போட்டு வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை இளைஞர்களுக்கு. ‘உங்க பேர்ல நாலு சிம் வாங்கிட்டு வா, அங்க ஒருத்தருக்குத் தேவைப்படுது’ என்று யார் கேட்டாலும் கொண்டுபோகாதீர்கள். அந்த சிம்மில் நடக்கும் மோசடிக்கு உங்கள் ஆதார்தான் சாட்சி.

முடிவாக

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, குடும்பத்தோடு உட்கார்ந்து இவற்றைச் செய்து முடியுங்கள்.

1. இரு பக்கமும் இரண்டு செயலிகள் போட்டு, பேசிப் பார்க்க வேண்டும்.
2. ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் போட்டு, ரோமிங்கை இயக்கி, அடுத்த ரீசார்ஜ் தேதியைக் குறிக்க வேண்டும்.
3. போகும் நாட்டில் இப்போது எந்தச் செயலிக்கு அனுமதி என்று விசாரிக்க வேண்டும். விபிஎன் வேண்டவே வேண்டாம்.
4. முகவரி, கம்பெனி அல்லது குழு விவரம், உடனிருப்போர் நம்பர், ஆவணங்களின் நகல் வீட்டில் இருக்க வேண்டும்.
5. தினமும் ஒரு செய்தி, வாரம் ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து பேச ஒரு நேரம் என்று முடிவு செய்ய வேண்டும்.
6. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல், பையில் ஒரு தாள்.

போனைக் கையாளத் தெரியாத பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் சொல்லிக்கொடுக்க நம் பிள்ளைகள் முன்வர வேண்டும். பக்கத்து வீட்டில் யாராவது உம்ராவுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டால் கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளை போய் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அட்டையும் பட்டியலும் நமது அறக்கட்டளை அலுவலகத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறோம். யார் வந்தாலும் இலவசமாகத் தருகிறோம்; நிரப்பத் தெரியாதவர்களுக்கு நாங்களே நிரப்பித் தருகிறோம்.

புனிதப் பயணம் போகிறவர்களின் பயணத்தை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. பிழைப்புக்காகப் போகிறவர்களுக்கு ஹலாலான ரிஜ்க்கையும் நல்ல உடல்நலத்தையும் தருவானாக. அவர்களுக்காகக் காத்திருக்கும் வீடுகளுக்கு நல்ல செய்தியையே சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.